கைமாறி வரும் ‘டைம் ஷெயார்’: மலிவான சரக்கா, மாறாத சுமையா?

வெளிநாட்டில் வாழும் எமது உறவினர்கள் ஊருக்கு வந்து திரும்பும் காலங்களில் வியாபாரிகள் மத்தியில் ஒரு கேள்வி எழுவதுண்டு. “ஸ்பெயினில் எனக்கு வருடத்தில் ஒரு வாரம் இருக்கிறது. இப்போது போக முடிவதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் மச்சான், மனதுக்குப் பட்டதைத் தாருங்கள்” என்கிறார் இலண்டனில் இருப்பவர். “அமெரிக்காவில் புளோரிடாவில் ஒரு வாரம், எழுத்துச் செலவை மட்டும் கட்டினால் போதும்” என்கிறார் இன்னொருவர். “ஹரத்துக்கு முன்னாலேயே வருடா வருடம் ஒரு வாரம் தங்கலாம்” என்று மக்கா கட்டடமொன்றின் பத்திரத்தைக் காட்டுவோரும் உண்டு.

இவை மூன்றும் ஒரே வகைச் சரக்கு. ‘டைம் ஷெயார்’ எனப்படும் காலப் பங்கு. அதிலும் கொம்பனியிடம் புதிதாக வாங்குவதல்ல, முன்னர் வாங்கியவரிடமிருந்து கைமாறி வருவது. இதை வாங்கலாமா, வேண்டாமா என்பதை உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வியாபாரக் கணக்காகவே பார்ப்போம்.

சரக்கு என்ன?

ஒரு விடுமுறை வீட்டை முழுமையாக வாங்க எல்லோருக்கும் வசதியில்லை. வாங்கினாலும் வருடத்தில் ஓரிரு வாரம்தான் தங்குவார்கள். ஆகவே அந்த வீட்டின் 52 வாரங்களையும் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்பதுதான் இந்த வியாபாரம். 1960களில் ஐரோப்பாவில், அல்ப்ஸ் மலைப் பகுதிகளில் தொடங்கிய இம்முறை 1970களில் அமெரிக்காவுக்குப் பரவியது. ஓரிடத்தில் வாங்கிய வாரத்தை இன்னோரிடத்து வாரத்துடன் மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974இலும், இன்டர்வல் இன்டர்நெஷனல் நிறுவனம் 1976இலும் தோன்றின. அதன் பின்னரே இது பெருவியாபாரமாகியது.

சரக்கு மூன்று வகைப்படும். முதலாவது, உறுதி எழுதித் தரப்படும் பங்கு. இதற்குப் பெரும்பாலும் முடிவுத் திகதியே கிடையாது. இரண்டாவது, குறிப்பிட்ட வருடங்களுக்குத் தங்கும் உரிமை மட்டும். இந்தியாவில் 1996இல் தொடங்கிய கிளப் மஹிந்திராவின் 25 வருட அங்கத்துவம் இவ்வகை. மூன்றாவது, வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகளைத் தந்து, அப்புள்ளிகளைக் கொண்டு விரும்பிய இடத்தில் தங்கச் சொல்லும் முறை. உங்களிடம் வந்திருப்பது இம்மூன்றில் எது என்று தெரியாமல் விலை பேசவே கூடாது.

ஏன் இவ்வளவு மலிவு?

இருபதாயிரம் டொலருக்கு விற்ற வாரம் சில வருடங்களில் இரண்டாயிரத்துக்கு வருகிறது. ஈபே இணையச் சந்தையில் ஒரு டொலருக்குப் போட்டும் எடுப்பாரில்லாத வாரங்கள் உண்டு. எமது நாட்டில் பாவித்த வாகனம் விலை தாங்கி நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதினமாகத் தெரியும். ஆனால் இதில் மர்மம் எதுவுமில்லை.

புதிதாக விற்கும்போது இலவசப் பகலுணவு, பரிசுப் பொருள், மணிக்கணக்கில் பேசும் விற்பனையாளரின் தரகு, விளம்பரம் ஆகியவை அனைத்தும் விலைக்குள் அடங்கியிருக்கும். விலையில் பெரும்பங்கு கட்டடத்துக்கு அல்ல, விற்ற செலவுக்கே போகிறது. வாங்கியவர் கையெழுத்திட்ட மறுநாளே அந்தப் பங்கு கரைந்துவிடுகிறது. எனவே முதற்கையில் வாங்குவதை விடக் கைமாறியதை வாங்குவது எவ்வளவோ மேல் என்பது உண்மைதான். ஆனால் ‘அதைவிட மேல்’ என்பதும் ‘நல்லது’ என்பதும் ஒன்றல்ல.

புறக்கோட்டையில் ஒரு கடை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். “கீ மணி வேண்டாம், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அனுபவமுள்ள வியாபாரி சந்தோஷப்பட்டுத் துள்ள மாட்டார். “மாத வாடகை எவ்வளவு? எத்தனை வருட ஒப்பந்தம்? இடையில் விட முடியுமா?” என்றுதான் கேட்பார். டைம் ஷெயாரிலும் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே. வாங்கும் விலை ஒரு தடவைதான் போகும். பராமரிப்புக் கட்டணமோ வருடா வருடம் வரும்.

வருடா வருடம் வரும் பில்

அமெரிக்காவில் ஒரு வாரத்துக்கான பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு ஆயிரம் டொலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். அது ஒரே தொகையில் நிற்பதுமில்லை. ஒரு கணக்குக்கு, இவ்வருடம் 1000 டொலர், வருடத்துக்கு 5 வீதம் கூடுகிறது என்று வைப்போம். இருபதாவது வருடத்தில் கட்டணம் 2500 டொலரைக் கடந்திருக்கும். இருபது வருடத்திலும் கட்டிய மொத்தம் 33,000 டொலருக்கு மேல். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு கோடி ரூபா. சும்மா கிடைத்த சரக்கின் உண்மையான விலை இதுதான்.

இத்துடன் நாணய மாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனதை எந்த இறக்குமதியாளரும் மறந்திருக்க மாட்டார். ஆயிரம் டொலர் கட்டணம் எதுவும் கூடாமலேயே இரண்டு இலட்சம் ரூபாவிலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ரூபாவாகியது. ரூபாவில் உழைத்து டொலரில் கடமைப்படுபவர் இந்த அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

கட்டணம் தங்கியதற்கு அல்ல, உரிமைக்கு. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட எமது விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது 2021 ஜனவரியில்தான். அத்தகைய வருடத்திலும் கடமை கடமையே. புயல் அடித்துக் கூரை போனால், லிப்டை மாற்ற வேண்டி வந்தால், பங்காளிகள் அனைவரிடமும் விசேட அறவீடு கேட்கவும் ஒப்பந்தத்தில் இடமிருக்கும்.

வெளியே வரும் வழி உண்டா?

நாம் கடையில் ஒரு சரக்கை எடுக்குமுன்னர் அதை எப்படித் தள்ளுவது என்று யோசிக்கிறோம். இங்கும் அதையே யோசிக்க வேண்டும். உறவினர் உங்களுக்கு ஒரு டொலருக்குத் தருகிறார் என்றால், நாளை நீங்களும் ஒரு டொலருக்குத்தான் கொடுக்க முடியும். அதற்கும் ஆள் கிடைக்க வேண்டும்.

முடிவுத் திகதியில்லாத உறுதி இன்னும் பாரதூரமானது. இந்த அநியாயத்தை உணர்ந்த ஸ்பெயின் 1998ஆம் ஆண்டின் சட்டத்தில் காலப் பங்கு 3 வருடத்துக்குக் குறையாமலும் 50 வருடத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என விதித்தது. அச்சட்டத்துக்குப் பின்னர் காலவரையின்றி எழுதப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என 2015இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஸ்பெயின் வாரமொன்றை ஏற்குமுன் அது எந்த வருடத்தில், எத்தனை வருடத்துக்கு எழுதப்பட்டது எனப் பார்ப்பது அவசியம்.

ஒரு முஸ்லிமுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மரணித்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவரது கடன் தீர்க்கப்பட வேண்டும். தாம் மௌத்தான பின்னர் பிள்ளைகளின் கைக்கு வீட்டுச் சாவிக்குப் பதிலாக வெளிநாட்டு பில் ஒன்று வந்து சேருவதை எந்தத் தகப்பனும் விரும்பமாட்டார். வாரிசுகள் அதை ஏற்க மறுக்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும். அதை உயிரோடிருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்போது வாங்கலாம்?

இவ்வளவும் சொன்னதால் எல்லா டைம் ஷெயாரும் வீண் என்பதல்ல. மகள் புளோரிடாவில் குடியிருக்கிறாள், வருடா வருடம் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவது நிச்சயம், சமையலறையுடன் கூடிய வீடு இருந்தால் ஹலால் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்றிருக்கும் ஒருவருக்கு அது பொருந்தலாம். அப்போதும் கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கணக்கு இலகுவானது. வாங்கும் விலையையும் மாற்றும் செலவையும் கூட்டி, மீதியுள்ள வருடங்களால் வகுக்க வேண்டும். அத்துடன் வருடக் கட்டணத்தைக் கூட்ட வேண்டும். உதாரணமாக விலையும் செலவும் 2000 டொலர், மீதி 10 வருடம், கட்டணம் 900 டொலர் என்றால் ஒரு வாரத்துக்கு விழுவது 1100 டொலர். அதே கட்டடத்தில், அதே வாரத்துக்கு ஹோட்டல் வாடகை 1800 டொலர் என்றால் இலாபம் உண்டு. 1200 டொலர் என்றால், நூறு டொலருக்காகப் பத்து வருடம் கட்டுப்பட வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. தமது வாரத்துக்குப் போக முடியாத பங்காளிகள் கட்டணக் காசாவது தேறட்டும் என்று அந்த வாரத்தை வாடகைக்கு விடுகிறார்கள். ஆகவே சரியான ஒப்பீடு ஹோட்டல் வாடகையுடன் அல்ல, இந்தப் பங்காளி வாடகையுடன்தான். வாங்க நினைப்பவர் முதலில் ஒரு வருடம் அப்படி வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்க்கட்டும். இடமும் தெரியும், அயலும் தெரியும். அடுத்த வருடமும் அதே விலைக்கு வாடகைக்குக் கிடைக்குமானால் வாங்கவேண்டிய அவசியமே இருக்காது.

கைமாறி வாங்குபவருக்கு முதலாவது உரிமையாளருக்கிருந்த எல்லாச் சலுகைகளும் கிடைப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புள்ளிகளை வேறு ஹோட்டல்களில் பாவிப்பது போன்ற வசதிகளைப் பல கொம்பனிகள் தம்மிடம் நேரடியாக வாங்கியவர்களுக்கே வைத்துக்கொள்கின்றன. இன்னொரு அடையாளமும் உண்டு. சில ஒப்பந்தங்களில், வெளியாருக்கு விற்குமுன் அதே விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமை கொம்பனிக்கு உண்டு. அவ்வளவு மலிவு விலையிலும் கொம்பனியே தன் சரக்கைத் திருப்பி எடுக்கவில்லை என்றால், அதன் பெறுமதி பற்றி அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மக்காவின் வாரங்கள்

இனி எமது சமூகத்துக்கு நெருக்கமான விடயத்துக்கு வருவோம். ஹரம் ஷரீபுக்கு எதிரே மணிக்கூட்டுக் கோபுரத்துடன் எழுந்து நிற்கும் அப்ராஜ் அல் பைத் தொகுதி, மன்னர் அப்துல் அஸீஸ் வக்ப் காணியில் கட்டப்பட்டது. கட்டி, நடத்தி, காலம் முடிந்ததும் ஒப்படைக்கும் அடிப்படையில் பின்லாதின் குழுமம் 28 வருடக் குத்தகையில் அதைப் பொறுப்பேற்றது. அதிலுள்ள ஸம்ஸம் கோபுரத்தை எடுத்த குவைத்தின் முன்ஷஆத் நிறுவனம், 2000களின் தொடக்கத்தில் ‘சுகூக் அல் இன்திபா’ எனும் பயனுரிமைப் பத்திரங்களை வெளியிட்டு 390 மில்லியன் டொலர் திரட்டியது. பத்திரத்தை வைத்திருப்பவருக்கு 24 வருட காலத்தில், வருடத்துக்கு ஒரு குறிப்பிட்ட வாரம் தங்கும் உரிமை உண்டு.

முறையாகத் திட்டமிட்ட ஏற்பாடுதான். ஆனால் இன்று இதைக் கைமாறி வாங்குபவர் மூன்று விடயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, இது காணியும் அல்ல, வீடும் அல்ல. காணி வக்பு, அது எவருக்கும் விற்பனைக்கு இல்லை. “ஹரத்துக்கு முன்னால் சொந்த வீடு” என்று எவராவது சொல்வாரானால் அவர் தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார்.

இரண்டாவது, 24 வருடத்தில் பெரும்பகுதி ஓடி முடிந்துவிட்டது. உருகும் ஐஸ் கட்டி போன்ற சரக்கு இது. பத்திரத்தின் முடிவுத் திகதியைப் பார்த்து, மீதியுள்ள வாரங்களை எண்ணி, அவற்றுக்கு மட்டுமே விலை கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் மீதியிருக்கும் பத்திரத்துக்கு 5000 டொலர் என்றால், சேவைக் கட்டணம் ஏதும் இருந்தால் அதற்கு முன்னரே வாரத்துக்கு 1000 டொலர் விழுகிறது. “அன்று இவ்வளவுக்கு வாங்கினேன்” என்ற விற்பவரின் கதை இங்கு செல்லாது.

மூன்றாவது, அறை இருப்பதால் விஸா கிடைக்காது. ஹஜ் காலத்து வாரத்தை வைத்திருந்தாலும் ஹஜ் விஸா கோட்டா முறையில்தான் வரும். இலங்கைக்கு 2024இலும் 2025இலும் கிடைத்தது 3500 பேருக்கான கோட்டாவே. உம்ரா விஸாவில் சென்று ஹஜ் செய்ய முடியாது. ஹஜ் வாரத்துக்கு அதிக விலை கொடுத்துவிட்டு விஸா இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பத்திரம் வெறும் கடதாசிதான். 2020 பெப்ரவரி 27இல் உம்ராவும் நிறுத்தப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

ரமழான் வாரம் வேறு கதை. வருடா வருடம் உம்ரா குழு அழைத்துச் செல்லும் முகவருக்கு, மீதிக் காலம் போதுமானதாகவும் பிறருக்கு வாடகைக்கு விட ஒப்பந்தத்தில் அனுமதியும் இருந்தால், அது தொழிலுக்கு உதவும் சரக்கு. ஹிஜ்ரி கணக்கில் குறிக்கப்பட்ட வாரம் ஆங்கில வருடத்தில் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே வரும். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை எண்ணி வாங்குபவர் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பயன்பாட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் இஜாரா என்ற வகையில் ஷரீஅத்தில் புதிதல்ல. பங்காளிகள் ஒரு பொருளை முறை வைத்துப் பயன்படுத்துவதும் பிக்ஹு நூல்களில் உள்ளதே. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி இந்தக் காலப் பங்கு ஒப்பந்தத்தை ஆராய்ந்து, நிபந்தனைகளுடன் அனுமதித்தது. இடம், காலம், வாடகை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். கட்டடத்தின் அடிப்படைப் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு.

எனவே எந்த அறை, எந்த வாரம், எவ்வளவு கட்டணம் என்பது தெளிவில்லாத ஒப்பந்தத்தில் கரர் நுழைகிறது. கட்டணம் தாமதமானால் வட்டி அறவிடும் நிபந்தனை இருக்கிறதா, விற்பவர் வட்டிக் கடன் எடுத்து வாங்கி அதன் நிலுவை உங்கள் தலையில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்று இலாபம் பெறவே வாங்கினால் ஸகாத் கணக்கிலும் அது வரும். ஒப்பந்தத்தை எடுத்துச் சென்று கொடுக்கல் வாங்கல் சட்டம் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

ஏமாற்றுவோர் சந்தை

டைம் ஷெயார் வைத்திருப்பவர் விற்கத் தவிக்கிறார் என்பதை அறிந்த ஏமாற்றுக் கும்பல்கள் உலகெங்கும் உண்டு. “உங்கள் வாரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, வரிக்காக முதலில் இவ்வளவு அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் பேசுவார்கள். அனுப்பியதும் இன்னொரு கட்டணம், பிறகு இன்னொன்று. 2019 முதல் 2023 வரை சுமார் 6000 அமெரிக்கர்கள் இப்படி ஏறத்தாழ 300 மில்லியன் டொலரை இழந்ததாக எப்.பி.ஐ.யிடம் முறையிட்டுள்ளனர். மெக்சிகோவின் போதைவஸ்துக் கும்பல்களே இதன் பின்னணியில் இருப்பதாக 2024 ஜூலையில் அமெரிக்க அரசு எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாட்டின்படி, மறுவிற்பனை முகவர் விற்பனை நடந்து முடியும்வரை ஒரு சதமும் வாங்கக் கூடாது. கொம்பனியிடம் வாங்குபவருக்கு மனம் மாற 14 நாள் அவகாசமும் உண்டு. ஆனால் தனி ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றும்போது அந்த 14 நாள் பாதுகாப்பு கிடையாது. உறவினரிடம் வாங்கும்போது கையெழுத்துக்கு முன்னரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருப்பது அதனாலேயே.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. விற்பவரின் பெயரிலேயே பத்திரம் இருக்கிறதா? கட்டடத்தை நடத்தும் நிறுவனம் அதை எழுத்தில் உறுதிப்படுத்துகிறதா?

2. எத்தனை வருடம் மீதி? முடிவுத் திகதி இல்லையென்றால், விலகும் வழி என்ன?

3. கடந்த ஐந்து வருடத்துக் கட்டண பில்கள் எங்கே? எவ்வளவு கூடியிருக்கிறது?

4. நிலுவை எதுவுமில்லை என்ற கடிதம் உண்டா? நிலுவை இருந்தால் அது பங்கோடு சேர்ந்தே வரும்.

5. பெயர் மாற்றச் செலவு எவ்வளவு, அதை யார் கட்டுவது?

6. வாடகைக்கு விடவும், விற்கவும், அன்பளிப்புச் செய்யவும் அனுமதி உண்டா?

7. பணம் எப்படிப் போகிறது? வெளிநாட்டு உரிமைக்குப் பணம் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. உங்கள் வங்கியிடம் கேட்டு முறையாகவே அனுப்ப வேண்டும். உண்டியலில் அனுப்பிய காசுக்கு நாளை எந்த நீதிமன்றத்திலும் பற்றுச்சீட்டுக் காட்ட முடியாது.

இந்த ஏழுக்கும் எழுத்தில் பதில் கிடைத்து, கணக்கும் சரிவந்தால் வாங்குங்கள். ஒன்றுக்கேனும் “அதெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்ற பதில் வந்தால் ஸலாம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். உறவினர் மனம் நோகுமே என்று தயங்குபவர்கள், அவருக்கு ஓர் உபகாரமாக அந்த வாரத்தை ஒரு தடவை வாடகைக்கு எடுக்கலாம். அவருக்கும் கட்டணக் காசு தேறும், உங்களுக்கும் குடும்பத்துடன் ஒரு பயணமாகும். உறவும் நிலைக்கும், கடமையும் அந்த ஒரு வாரத்துடன் முடிந்துவிடும்.